இரண்டாம் மாடியில் பதினான்கு தொட்டிகள்

ஏப்ரல் 24, திங்கள்

இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. பாளையங்கோட்டை, இரண்டாம் மாடி, மூன்று வீடுகளில் நடு வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, அதை ஒட்டித் துணி காயப்போட ஒரு சின்னப் பால்கனி. லிஃப்ட் உண்டு.

முப்பத்தொரு வருடம் தெருக்களுக்குக் குடிநீர் திறந்துவிடும் வேலை பார்த்தேன். தினமும் பதிவேடு எழுத வேண்டும்: எந்தத் தெரு, திறந்த நேரம், அடைத்த நேரம். ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாக எதுவும் எழுதவில்லை. இன்று மறுபடியும் ஒரு நோட்டு வாங்கினேன்.

காரணம் இது. என் மனைவி பிரமநாயகி பிப்ரவரி கடைசியிலிருந்து தென்காசியில் தன் தங்கை வடிவு வீட்டில் இருக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து அங்கே போனாள். அவள் அங்கே இருந்தபோது நான் பழைய வீட்டை விற்றுவிட்டு இதை வாங்கினேன். அந்த வீடு அப்பா வழியில் எனக்கு வந்தது. கையெழுத்து நான் ஒருவன் போட்டால் போதுமானதாக இருந்தது. பத்திரம் முடிந்த பிறகுதான் அவளிடம் சொன்னேன். "உங்க வீட்டுல நீங்க இருந்துக்கிடுங்க" என்றாள். அதோடு என்னிடம் பேச்சு நின்றுவிட்டது.

இன்று வடிவு போன் செய்தாள். ஜூன் 14 அன்று எலும்பு டாக்டரைப் பார்க்க பிரமு இங்கே வர வேண்டும். வரும்போது ஒரு மணி நேரம் இந்த வீட்டைப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறாள். பிடித்தால் வருவாள். இல்லாவிட்டால் தென்காசியிலேயே இருந்துவிடுவாள்.

"அக்கா அத தீப்பெட்டிங்கா, அத்தான். ஒரு பச்ச கிடையாது, மண்ணு கிடையாதுன்னு சொல்லுதா. ஏதாவது செய்யுங்க" என்றாள் வடிவு.

ஐம்பத்தொரு நாள் இருக்கிறது.

ஏப்ரல் 25, செவ்வாய்

புறவழிச்சாலை ஓரத்தில் உள்ள நர்சரிக்குப் போனேன். நடத்துகிறவள் பெயர் செலின். நாற்பது வயது இருக்கும். வாய் ஓயாது, கையும் ஓயாது. வீட்டுக்குள் வைக்கச் செடி வேண்டும் என்றேன். ஜன்னல் எந்தப் பக்கம், வெயில் எவ்வளவு நேரம் வரும் என்று கேட்டாள். கவனித்ததில்லை என்றேன். தண்ணீர் வசதி எப்படி என்று அடுத்துக் கேட்டாள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து எத்தனை அங்குலக் குழாய் எந்தச் சுவர் வழியாக இறங்குகிறது, எங்கே பிரிகிறது என்று சொன்னேன்.

"செடி வாங்க வாறவுக வெளிச்சத்தப் பத்திச் சொல்லுவாக. நீங்க ஒருத்தருதான் அண்ணாச்சி பைப்பு போற வழியச் சொல்லுதிய" என்றாள்.

ஒன்பது செடி கொடுத்தாள். மணி பிளான்ட் இரண்டு, பாம்புக் கற்றாழை இரண்டு, ஸ்பைடர் செடி இரண்டு, வெற்றிலைக் கொடி ஒன்று, கற்பூரவல்லி ஒன்று, வெள்ளைப் பூ பூக்கும் பீஸ் லில்லி ஒன்று. எல்லாம் மண் தொட்டியில். பிளாஸ்டிக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிரமுவுக்குப் பிடிக்காது.

கூடத்துச் சுவரை ஒட்டி நேர்கோட்டில் வைத்தேன். டேப் வைத்து அளந்து, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒன்றரை அடி. பழைய வீட்டிலிருந்து எடுத்து வந்த கருவேப்பிலைக் கன்றைக் கடைசியில் வைத்தேன். மொத்தம் பத்து. பார்க்க ஒழுங்காக இருக்கிறது.

ஏப்ரல் 27, வியாழன்

காலை 5.40-க்குத் தண்ணீர். ஒரு தொட்டிக்கு ஒரு டம்ளர், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முப்பத்தொரு வருடத்தில், பக்கத்துத் தெருவுக்குக் கூடுதலாக விட்டான் என்று என்மேல் ஒரு புகார் வந்தது கிடையாது. வசதியான தெரு, குடிசைத் தெரு எல்லாவற்றுக்கும் ஒரே நேரம்தான் வைத்தேன். செடிக்கும் அதுதான் நியாயம்.

மண் தொட்டி வேர்க்கிறது. அடியில் தரையில் ஈர வட்டம் விழுகிறது. இந்த வீட்டுத் தரை பளபளப்பான டைல்ஸ். ஈரக் காலோடு நடந்து பார்த்தேன். வழுக்குகிறது.

ஏப்ரல் 28, வெள்ளி

தரையில் தொட்டி வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். எல்லாவற்றையும் சமையல் மேடையில் ஏற்றிவிட்டேன். இன்று சமைக்க இடம் இல்லை. ஓட்டலில் சாப்பிட்டேன்.

மே 1, திங்கள்

விடுமுறை நாள். கையில் இருந்த இரும்புக் குழாய்த் துண்டுகள், எல்போ, டீ என்கிற குழாய் இணைப்புகள் எல்லாம் வைத்து நாலு அடுக்கில் ஒரு தாங்கி செய்தேன். நூல் பிடித்த மாதிரி நின்றது. தொட்டிகளை ஏற்றினேன்.

மாலையில் செலின் ஒரு அரேகா பனையையும் இன்னும் இரண்டு ஸ்பைடர் செடியையும் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே வந்து தாங்கியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உங்கள் வீட்டு அம்மா எப்போது வருகிறார்கள் என்று கேட்டாள். ஜூன் 14 என்றேன்.

"அதுக்குள்ள இதக் கழட்டிருங்க. பம்பு ரூம் மாதிரி இருக்கு. அவுக வந்தா மோட்டார் எங்கன்னு கேப்பாக."

கழற்றினேன்.

மே 2, செவ்வாய்

பக்கத்துத் தெருவில் மின்கம்பியில் உரசிய வேப்பங்கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். ஆறரை அடியில் ஒரு கிளை, மணிக்கட்டுப் பருமன், நடுவில் லேசான வளைவு. கேட்டு வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். லிஃப்டில் நுழையவில்லை. படியில் ஏற்றினேன்.

மே 3, புதன்

கருவேப்பிலை போய்விட்டது.

மே 6, சனி

கிளையின் பட்டையைச் சீவி, மூன்று நாள் காயவைத்து, இன்று கூடத்துச் சுவரில் இரண்டு கொக்கி அடித்து மாட்டினேன். வளைவை நிமிர்த்த வழி இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பழகிவிடுகிறது. தேங்காய் நார்க் கயிற்றில் ஐந்து தொட்டிகளை அதில் தொங்கவிட்டேன். மீதிக்குச் சுவரில் தேக்குப் பலகை. எல்லாம் என் தோள் உயரத்துக்கு மேலே.

கீழ் வீட்டுக்காரரிடம் அவருடைய அம்மாவின் வாக்கரை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கினேன். அதைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து படுக்கையறை வரை நடந்தேன். பிறகு கழிப்பறை வரை. சோபா நாலு அங்குலம் இடிக்கிறது. நகர்த்தினேன். திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு எத்தனை நாளாக முட்டுவலி என்று அவர் விசாரித்தார். கொஞ்ச நாளாக என்று சொல்லிவைத்தேன்.

மே 9, செவ்வாய்

கூடத்தில் விரிக்கக் கோரைப்பாய் வாங்கினேன். பச்சையும் சிவப்பும் கரையில் ஓடுகிறது. நல்ல நெசவு. விரித்துப் பார்த்தேன். ஓரம் எழும்பி நிற்கிறது. ஆணி அடிக்க முடியாத தரை.

எடுத்துச் சுவரில் மாட்டினேன். படம் மாதிரி இருக்கிறது. பாயைச் சுவரில் மாட்டியவன் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மே 12, வெள்ளி

வடிவு போனில். செடி வாங்கியிருக்கிறேன் என்று சொன்னேன். ஒரு நிமிஷம் என்றாள். பின்னால் பிரமுவின் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. வடிவுதான் கேட்டாள்: ஜன்னல் எந்தப் பக்கமாம்? கிழக்கு என்றேன். எதிரே என்ன இருக்கிறதாம்? அடுத்த கட்டடத்துச் சுவர், இடையில் ஏழு அடி சந்து என்றேன். என்னென்ன செடியாம்? நோட்டை எடுத்து வரிசையாக வாசித்தேன். ஒவ்வொன்றையும் வடிவு திருப்பிச் சொன்னாள். தண்ணீர் எப்போது ஊற்றுகிறாராம்?

5.40 என்றேன். தினமுமா? தினமும். எல்லாவற்றுக்குமா? எல்லாவற்றுக்கும் ஒரு டம்ளர்.

வடிவு அதையும் சொன்னாள்.

"அக்கா சிரிக்கா, அத்தான்" என்றாள் வடிவு.

எதற்கு என்று கேட்டேன். அதைச் சொல்ல மாட்டேங்கிறாள் என்றாள்.

சிரித்ததற்குக் காரணம் எனக்கும் தெரியவில்லை. மணி 6.15. இதற்கு முன் அவள் சிரித்ததை நான் கேட்டது பிப்ரவரி 8.

மே 17, புதன்

பாம்புக் கற்றாழையின் ஒரு மடலைப் பிடித்து நிமிர்த்தினேன். அடியோடு கையில் வந்தது. அழுகிய வாடை. இன்னொன்றையும் தொட்டுப் பார்த்தேன். அதுவும் வந்துவிட்டது. ஸ்பைடர் செடி மஞ்சள் அடித்திருக்கிறது.

இரண்டு தொட்டியையும் பையில் வைத்து நர்சரிக்குக் கொண்டுபோனேன். செலின் மண்ணைப் பிழிந்து காட்டினாள். தண்ணீர் சொட்டியது.

"செடிக்குக் குடிக்கக் குடுத்தியளா, குளிப்பாட்டி விட்டியளா?"

தினமும் அளந்துதான் ஊற்றினேன், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு என்றேன். தெருக் கணக்கையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"அண்ணாச்சி, உங்க தெருக்காரவுக குடத்துல புடிச்சிட்டு, நெறஞ்சதும் குழாய அடைச்சிருவாக. இதுக்கு ஒடம்பே குடம். நெறஞ்ச பெறகும் நீங்க ஊத்திக்கிட்டே இருக்கிய. அடைன்னு சொல்ல அதுக்கு வாயும் இல்ல."

அப்படியானால் எப்போது ஊற்றுவது என்று கேட்டேன். விரலை மண்ணில் இரண்டாவது கணு வரை விட்டுப் பார்க்கச் சொன்னாள். காய்ந்திருந்தால் ஊற்ற வேண்டும். ஈரமாக இருந்தால் திரும்பிப் போய்விட வேண்டும். நேரம் என்று ஒன்று கிடையாது.

திரும்பி வரும்போது பேருந்தில் உட்கார்ந்து யோசித்தேன். பிரமு சிரித்தது இதற்குத்தான்.

மே 18, வியாழன்

5.40-க்கு எழுந்தேன். பத்துத் தொட்டியிலும் விரல் விட்டுப் பார்த்தேன். இரண்டு தொட்டிகளைத் தவிர எல்லாம் ஈரம். அந்த இரண்டுக்கு ஊற்றினேன். வேலை ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி நேரம் சும்மா நின்றேன்.

மே 20, சனி

இனி ஊற்ற வேண்டிய தொட்டியைக் கழற்றிப் பால்கனிக்குக் கொண்டுபோய் ஊற்றி, சொட்டு நின்ற பிறகுதான் உள்ளே கொண்டுவருகிறேன். கூடத்தில் ஒரு துளி விழுவதில்லை.

மே 24, புதன்

மூன்று நாளாக வெயிலை எழுதுகிறேன். கூடத்து ஜன்னலில் 7.10-க்கு இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் சூரியன் தெரிகிறது. தரையில் இரண்டு அடி அகலத்தில் ஒரு பட்டை விழுகிறது. 8.25-க்குப் போய்விடுகிறது. படுக்கையறையில் மதியம் 3 முதல் 6 வரை நல்ல வெயில். பால்கனியில் நாள் முழுக்க வெளிச்சம்.

இதை முதலில் செய்திருக்க வேண்டும். கருவேப்பிலை பால்கனியில் இருந்திருந்தால் பிழைத்திருக்கும். அது பழைய வீட்டுப் பின்கட்டில் தானாக முளைத்த கன்று. வெயிலைப் பார்க்காமல் நான் குழாயைப் பார்த்தேன்.

கற்பூரவல்லியும் வெற்றிலையும் பால்கனிக்கு. படுக்கையறை ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி வாங்கிக் கட்டினேன். தண்ணீர் தெளித்தால் அறை முழுக்க மணக்கிறது. அளவாகத் தெளித்தேன்.

மே 29, திங்கள்

ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் குறைவு. கரையோரம் கூழாங்கல் இருபத்திரண்டு பொறுக்கினேன். கடையில் பாலீஷ் போட்டு விற்கிற கல் எல்லாம் ஒரே அளவு. இது ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ஒன்று ஆட்டுக் கொம்பு நிறம், ஒன்றில் வெள்ளை வரி. வீட்டில் கழுவி, கண்ணாடி பாட்டில்களில் அடியில் போட்டு, மணி பிளான்ட்டில் கணு வேரோடு வெட்டிய கொடிகளைத் தண்ணீரில் நிறுத்தினேன். வேர் கண்ணாடி வழியாகத் தெரிகிறது. எவ்வளவு தண்ணீர் என்பதும் தெரிகிறது. எனக்கு இதுதான் பொருத்தமான செடி.

ஜூன் 2, வெள்ளி

வடிவு போன். தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது. காற்று ஜில்லென்று இருக்கிறதாம். பிரமு சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறாளாம். முன் அறையை அவளுக்கே ஒதுக்கிவிட்டார்கள். ஜன்னலைத் திறந்தால் மலை.

நல்லது என்றேன். இங்கே இன்று அனல்.

ஜூன் 3, சனி

அந்த மலைக்கு முன்னால் என் இருபத்திரண்டு கூழாங்கல் எம்மாத்திரம்.

ஜூன் 6, செவ்வாய்

செலின் வீட்டுக்கு வந்து பார்த்தாள். அழுகிய இரண்டுக்குப் பதில் வேறு இரண்டு பாம்புக் கற்றாழை. அவள் பங்காக ஒரு பெரணி, ஒரு அகல இலைச் செடி. அகல இலைச் செடிக்கு ஒரு நீளமான பெயர் சொன்னாள். மறந்துவிட்டது. இப்போது மொத்தம் பதினான்கு.

எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் ஏன் எல்லாம் கூரையைப் பார்த்துப் போயிருக்கிறது என்று கேட்டாள். தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஜூன் 9, வெள்ளி

பெரணியில் புது இலை. சுருண்டு, ஆள்காட்டி விரல் மடக்கின மாதிரி. புனேயிலிருந்து மகன் பேசினான். அம்மா வந்தால் நல்லது, வராவிட்டால் நீங்களும் தென்காசிக்குப் போய்விடுங்கள் என்றான். பெரணி புது இலை விட்டிருக்கிறது என்று சொன்னேன்.

ஜூன் 12, திங்கள்

நாளை மறுநாள் வருகிறாள். இதை எழுதாவிட்டால் பதிவு முழுமை ஆகாது.

பிப்ரவரி 9, வியாழன். காலை 5.10-க்கு போன் வந்தது. புதிதாக வந்தவருக்கு ஒரு வால்வு பிடிபடவில்லை. ஓய்வு பெற்றவன் போக வேண்டும் என்று சட்டம் இல்லை. கூப்பிட்டார்கள், போனேன். "இன்னும் உங்களத்தான் தேடுதாகளாக்கும்" என்றாள் பிரமு. போக வேண்டாம் என்றும் சொன்னாள். தேடுகிறார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

6.20-க்குப் பின்கட்டில் வாழைக்குப் பக்கத்தில் பாசியில் வழுக்கி விழுந்தாள். போன் இடுப்பில் செருகியிருந்தது. என்னை நாலு தடவை அழைத்தாள். 6.22, 6.25, 6.40, 7.05. நாலு தடவையும் என் சட்டைப் பையில் மணி அடித்தது எனக்குக் கேட்டது. கையில் வால்வைத் திருகும் சாவி. சுற்று எண்ணிக்கொண்டிருந்தேன். நடுவில் விட்டால் எண்ணிக்கை போய்விடும். முடித்துவிட்டுப் பேசலாம் என்று நினைத்தேன்.

7.50-க்கு முடிந்தது. டீ வாங்கிக் கொடுத்தார்கள். குடித்தேன். அதற்குப் பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 8.25.

அந்தப் பின்கட்டை அதன்பிறகு என்னால் பார்க்க முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன நாளெல்லாம் பின்கதவைத் திறக்கவே இல்லை. விற்றதற்குக் காரணம் அது. ஓடு ஒழுகுகிறது, வீடு பழசாகிவிட்டது என்று அவளிடம் சொன்னேன்.

ஜூன் 13, செவ்வாய்

இலைகளை ஈரத் துணியால் துடைத்தேன். பதினான்கு தொட்டி. தரையை இரண்டு தடவை துடைத்துக் காயவிட்டேன்.

ஜூன் 14, புதன்

11.50-க்கு ஆட்டோ வந்தது. நான் கீழே நின்றேன். வடிவு முதலில் இறங்கினாள். பிறகு பிரமு. வாக்கர் இல்லை. கையில் கம்பு. இன்னும் ஒரு மாதம் கம்பு போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இளைத்திருக்கிறாள். காதோரம் நரை கூடியிருக்கிறது. என்னைப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். நேரடியாக என்னிடம் கேட்டது மூன்று மாதத்துக்குப் பிறகு இதுதான். சாப்பிட்டேன் என்றேன். உண்மையில் சாப்பிடவில்லை.

லிஃப்டில் ஏறினோம். கதவைத் திறந்தேன். அவள் உள்ளே வந்து நடுக்கூடத்தில் நின்றாள். வேப்பங்கிளை, தொங்கும் தொட்டிகள், பாய், பாட்டில்களில் மணி பிளான்ட் என்று கண்ணை ஓட்டினாள். கூழாங்கல்லைக் குனிந்து பார்த்தாள். படுக்கையறையைப் பார்த்தாள். வெட்டிவேர்த் தட்டியை முகர்ந்தாள். பால்கனிக்குப் போய்க் கற்பூரவல்லி இலை ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். திரும்பவும் கூடத்துக்கு வந்தாள். பெரணிக்குக் கீழே நின்று, மண்ணைத் தொடக் கையை உயர்த்தினாள்.

எட்டவில்லை.

கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு இன்னொரு முறை உயர்த்தினாள். நான் பிடிக்கப் போனேன். கண்ணால் தடுத்தாள். விரல் தொட்டியின் அடியைத்தான் தொட்டது.

"எல்லாம் எட்டாத எடத்துல வச்சிருக்கிய. நான் எதுக்குத் தண்ணி ஊத்த?"

நான் ஊற்றிக்கொள்கிறேன் என்றேன். ஈரம் பார்த்து ஊற்றப் பழகிவிட்டேன் என்றும் சொன்னேன்.

"அப்ப நான் என்ன செய்ய? நாற்காலில இருந்து பாத்துக்கிட்டு இருக்கவா? அதுக்குத் தென்காசியே போதும்லா. அங்க மலையே இருக்கு பாக்க."

வடிவு, குடிக்கத் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குள் போனாள். திரும்பி வரவில்லை.

நான் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐம்பத்தொரு நாளும் தரையில் ஒரு துளி விழக் கூடாது, ஒரு விளிம்பு எழும்பக் கூடாது என்று பார்த்திருக்கிறேன். அவள் கை உயரத்தை அளக்கவில்லை.

பிரமு சோபாவில் உட்கார்ந்தாள். கம்பை மடியில் வைத்துக்கொண்டாள். ஓடு ஒழுகியது என்று சொன்னீர்களே என்று ஆரம்பித்தாள். போன ஐப்பசியில்தானே ஆள் வைத்து ஓடு முழுவதும் மாற்றினோம், கொத்தனாருக்கு நான்தானே காபி போட்டுக் கொடுத்தேன் என்றாள். சத்தம் உயரவில்லை. அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் காத்திருந்தாள்.

நோட்டில் எழுதியதைச் சொன்னேன். எழுதிய வரிசையிலேயே சொன்னேன். 6.22, 6.25, 6.40, 7.05. மணி அடித்தது கேட்டது. சுற்று எண்ணிக்கொண்டிருந்தேன். 7.50. டீ. பின்கதவைத் திறக்க முடியாமல் போனது.

அவள் மடியில் இருந்த கம்பை ஒரு தடவை உருட்டினாள். பிறகு சொன்னாள்:

"நீங்க போன் எடுக்காதது எனக்குத் தெரியும். நாந்தான அடிச்சேன். டீ குடிச்சது தெரியாது."

நான் தலை நிமிரவில்லை.

"கெடந்தப்ப கோவம் வந்துச்சு. ஆஸ்பத்திரிலயும் கோவந்தான். அது போச்சு. ஆனா வீட்ட வித்தியள்லா, அது போகல. விழுந்தது நானு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா பாசியத் தேச்சு விடச் சொல்லியிருப்பேன். பாசிக்காகவா ஒருத்தர் வீட்ட விப்பாரு?"

சமையலறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வடிவு சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. பிரமுவுக்கும் கேட்டது. அவள் வாய் ஓரம் அசைந்தது. நான் தப்பு என்றேன். தப்புதான் என்றாள்.

அதற்குப் பிறகு கம்பை எடுத்தாள். எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கம்பு முனையால் பெரணியைக் காட்டினாள். கீழே இறக்கச் சொன்னாள். கயிற்றை ஒரு முழம் விட்டுக் கட்டினேன். போதாது, இன்னும் என்றாள். இன்னும் ஒரு முழம் விட்டேன். ஸ்பைடர் செடி அதற்குப் பக்கத்தில். இரண்டு பாம்புக் கற்றாழையும் சேர்ந்து இருக்கட்டும், அளந்து அளந்து வைத்தால் அது தெருக்குழாய் வரிசை என்றாள். பெயர் மறந்த அகல இலைச் செடியின் பெயரையும் அவள்தான் சொன்னாள். சமையலறையிலிருந்து வடிவு வந்து ஒரு கை கொடுத்தாள். முக்கால் மணி நேரம் நகர்த்தினோம். அரேகா பனையைப் பலகையிலிருந்து இறக்கி ஜன்னலுக்குப் பக்கத்தில் தரையில் வைக்கச் சொன்னாள்.

தரை ஈரமாகும் என்றேன்.

"ஆகட்டும். ஒரு தட்டு வைங்க. எங்கன ஈரம்னு தெரிஞ்சா நான் பாத்துக் கால் வப்பேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

வைத்தேன். அவள் எழுந்து வந்து, ஒரு கையில் கம்பை ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையால் பெரணித் தொட்டியின் மண்ணைத் தொட்டாள். விரலை எடுத்து என் சட்டைத் தோளில் துடைத்தாள்.

கருவேப்பிலைக் கன்றைப் பற்றிக் கேட்டாள். தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிட்டேன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

2.10-க்கு ஆட்டோ வந்தது. ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தாள். இரண்டு மணி இருபது நிமிடம் இருந்திருக்கிறாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறும்போது, போய் சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 15, வியாழன்

ஆறு தொட்டிக்கு ஊற்றினேன். போன் வரவில்லை.

ஜூன் 16, வெள்ளி

காலை 9.05-க்கு போன். வடிவு என்று நினைத்து எடுத்தேன். பிரமு பேசினாள். அந்தப் பனைக்கு நேற்று ஊற்றினீர்களா என்று கேட்டாள். இல்லை, ஈரமாக இருந்தது என்றேன். சரி என்றாள்.

அந்தத் தெருவுக்கு ரேஷன் கடை எங்கே என்று அடுத்துக் கேட்டாள். தபால் நிலையத்துக்குப் பின்னால், நடந்தால் நாலு நிமிடம் என்றேன்.

"கார்டுல விலாசம் மாத்தணும்லா. அதுக்கு எங்க போகணும்?"

இ-சேவை மையத்தில் மனு கொடுத்தால் போதும் என்றேன். நான் மட்டும் போனாலே முடிந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"திங்கக்கிழம வாரேன். ரெண்டு பேருமாப் போவோம்."

அங்கே கூட்டம் இருக்கும், உட்கார ஒரு மடக்கு ஸ்டூல் எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

சரி என்றேன்.